தினமும் அடிக்க எந்தச் செண்ட்? குமரி மாவட்டத்து வெக்கைக்கு நான்கு வழிகள்

கடந்த ஆவணியில் என் தங்கை மகனுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நாகர்கோவிலிலிருந்து தினமும் பேருந்தில் போய் வர வேண்டும். பகல் முழுவதும் குளிர்சாதன அறையில் வாடிக்கையாளர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் சம்பளத்தில் வாங்க வேண்டியவை என்று அவன் எழுதி வைத்திருந்த தாளில், தோல் செருப்புக்கு அடுத்த வரியாக "நல்ல செண்ட்" என்று இருந்தது. எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டான். நான் பல ஆண்டுகளாக அடித்து வரும் டேவிடாஃப் கூல் வாட்டர் குப்பியை எடுத்து வந்து அவன் முன்கையில் ஒருமுறை அடித்தேன். அவனுக்குப் பிடித்துவிட்டது. அடுக்களையிலிருந்து வந்த என் அம்மா அவன் கையை இழுத்து முகர்ந்துவிட்டு, "சோப்பு மணமில்லா மக்கா அடிக்கு, இதுக்குப் போயா இவ்வளவு ரூவா?" என்றார். மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவன் அப்பா மத்தியானச் சாப்பாட்டின்போது அதே கையை முகர்ந்து, ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர் என்று முடித்துவிட்டார். என் மனைவியோ, காரில் கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது இந்த மணம்தான் தனக்குத் தலைவலி தருகிறது என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னாள்.

இதே குழப்பத்தை வாசகர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். டியோ போதுமா, விலை கூடிய செண்ட் வேண்டுமா, வளைகுடாவிலிருந்து வரும் குப்பிகள் நல்லவையா, அத்தர் தினமும் பூசலாமா என்பவை அவர்களுடைய கேள்விகள். நண்பர் ஒருவர் புகழ்ந்ததை வாங்கி, வீட்டில் திட்டு வாங்கியவர்கள் அவர்களில் பாதிப் பேர். ஆகவே வகைகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரே செண்டைப் பற்றி இத்தனை மாறுபட்ட கருத்துகள் ஏன் எழுகின்றன என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

கருத்துகள் ஏன் வேறுபடுகின்றன

என் வீட்டில் அன்று முகர்ந்த நால்வரும் உண்மையில் ஒரே பொருளை முகரவில்லை. செண்டில் கலந்திருக்கும் மணப்பொருள்கள் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்கள் முதல் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். பூ, மசாலா, இலை மணங்கள் அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். மரம், கஸ்தூரி, பிசின் மணங்கள் கடைசிவரை தோலோடு ஒட்டிக் கிடக்கும். மருமகன் முதல் நிமிடத்தை முகர்ந்தான். அவன் அப்பா நான்காம் மணி நேரத்தை முகர்ந்தார். கடையில் அட்டைத் துண்டில் அடித்து, அந்த நிமிடமே பணம் கொடுத்து வாங்குகிறவர் முதல் கால் மணி நேரத்துக்கு மட்டுமே விலை கொடுக்கிறார். மீதி ஆறு மணி நேரம் எப்படி இருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

அம்மா சொன்ன சோப்பு மணம் கற்பனையன்று. 1988இல் பியேர் பூர்தோன் உருவாக்கிய கூல் வாட்டரில் டைஹைட்ரோமிர்செனால் என்னும் செயற்கை மணப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. மலிவாகவும் நிலையாகவும் துப்புரவான குளிர்ச்சியைத் தருவதாகவும் இருப்பதால், அதே பொருள் சோப்பிலும் துணி துவைக்கும் தூளிலும் ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. செண்டை முதலில் அறிந்தவருக்கு அது செண்ட் மணம். சோப்பை முதலில் அறிந்தவருக்குச் சோப்பு மணம். மூக்கு எதையும் தனியாக முகர்வதில்லை, பழைய நினைவோடு சேர்த்தே முகர்கிறது. நம் மாவட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகள் நிறையக் கிடைக்கும். மாறாமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால், மேல்நாட்டு ஆண்களுக்கான பல மசாலா வகைச் செண்டுகளில் ஆண்மையின் அடையாளமாகச் சேர்க்கப்படுகிறது. நமக்கோ அது பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்த எண்ணெயையும் பல் மருத்துவரின் அறையையும் நினைவூட்டுகிறது. எலுமிச்சை தூக்கலாக இருக்கும் கொலோன் நம்மில் சிலருக்குத் தரை துடைக்கும் புல்தைலம். என் அம்மாவின் வயதினருக்கு, காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியில் நனைத்துப் போடும் ஓடிகொலோன் துணி. வெட்டிவேர் மணம் கொண்ட செண்டை அடித்துக்கொண்டு போனால், ராமச்சம் போட்ட தண்ணீர்ப் பானையைத்தான் பாதிப் பேர் நினைப்பார்கள். கடல் மணம் என்று விளம்பரம் செய்யப்படும் குப்பிகளின் நிலை இன்னும் வேடிக்கையானது. 1966இல் கண்டறியப்பட்ட காலோன் என்னும் பொருள்தான் அந்த மணத்துக்கு அடிப்படை. அது தர்ப்பூசணியும் ஈரக்காற்றும் கலந்தாற்போல இருக்கும். குளச்சலிலும் முட்டத்திலும் பிறந்து வளர்ந்தவரிடம் அதைக் கடல் மணம் என்று சொன்னால், கருவாடு எங்கே என்று கேட்பார்.

நினைவு மட்டுமல்லாமல் உடலும் இதில் சேர்கிறது. சில செயற்கைக் கஸ்தூரி மணங்களைச் சிலரால் முகரவே முடியாது. அவர்களுடைய மூக்கு மற்ற எல்லா மணங்களையும் நன்றாகவே உணரும், அந்த ஒன்றை மட்டும் உணராது. ஆகவே ஒரு செண்டின் அடிமணம் முழுவதும் அத்தகைய கஸ்தூரியாக இருந்தால், ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் காணாமல் போவது, பக்கத்தில் இருப்பவருக்கு மாலைவரை வீசிக்கொண்டிருக்கும். இதைவிடப் பொதுவானது மூக்கின் பழக்கம். தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன்பே பிச்சியும் மல்லியும் கேந்தியும் குவிந்து கிடக்கும் இடத்தில் நிற்கும் வியாபாரியிடம், மணம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்; அவருக்கு ஒன்றும் தெரியாது, வெளியூரிலிருந்து போகிறவருக்குத்தான் மணம் முகத்தில் அடிக்கும். தினமும் ஒரே செண்டை அடிப்பவர் நாளடைவில் அந்த வியாபாரியின் நிலைக்கு வந்துவிடுகிறார். மணம் போய்விட்டது என்று எண்ணி இரண்டு அழுத்தத்தை நான்காக்குகிறார், நான்கை ஆறாக்குகிறார். மனைவியின் தலைவலிக்கு நான் காரணமானது இந்த வழியாகத்தான்.

பழைய குப்பி நன்றாக இருந்தது, புதியது அப்படி இல்லை என்ற புகாரும் பெரும்பாலும் உண்மையே. ஒவ்வாமை தொடர்பான விதிகள் மாறும்போது நிறுவனங்கள் கலவையை மாற்றுகின்றன. லிலியால் என்ற மணப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் தடைசெய்தபோது, பெயரும் குப்பியும் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது மாறிய செண்டுகள் பல.

எதைக் கொண்டு எடைபோடுவது

பிறருடைய பாராட்டையோ பழியையோ நம்ப முடியாது என்றால், நம் அன்றாடத்திலிருந்து அளவுகோலை எடுத்துக்கொள்வதே முறை. இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகள் பெரும்பாலும் நான்கு பருவங்கள் உள்ள நாடுகளுக்காக எழுதப்பட்டவை. குளிர்காலச் செண்ட், கோடைச் செண்ட் என்ற பிரிவு நமக்குப் பொருந்தாது. கார்த்திகை, மார்கழியின் விடியற்காலையை விட்டால் நமக்கு இருப்பவை வெக்கையும், இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற இரண்டு மழைகளும்தான். சூடான தோலில் செண்ட் வேகமாக ஆவியாகும். அதனால் தொடக்கத்தில் பலமாக வீசி, விரைவில் தீர்ந்துபோகும். வியர்வை அதை மேலும் கழுவிவிடும். ஆகவே வெக்கையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது என் முதல் அளவுகோல்.

பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது இரண்டாவது. என் கணக்கில் இதுவே தலையாயது. மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்ட பேருந்தில் மூவர் இருக்கையில் நடுவில் உட்காரும் ஒருவர் அடிக்கும் செண்ட், அவருடைய சொந்த விஷயமாக இருப்பதில்லை. இவற்றுக்கு அடுத்தபடியாக, ஒரு நாளுக்கு உண்மையில் ஆகும் செலவு, துணிக்கும் தோலுக்கும் வரும் கேடு, வாங்கியது அசல்தானா என்று உறுதிசெய்துகொள்ளும் வசதி ஆகியவற்றைப் பார்க்கலாம். அதிக நேரம் நிற்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. பத்து மணி நேரம் நிற்கும் என்பதை எல்லோரும் நிறையாகச் சொல்கிறார்கள். அன்றாட உபயோகத்தில் அது பல சமயம் குறை.

வாயு டியோவும் பாடி ஸ்ப்ரேயும்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். வியர்வைக்குத் தன்னளவில் நாற்றம் மிகக் குறைவு. அக்குளில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் எழுகிறது. அதைத் தடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அலுமினிய உப்புகள் கொண்டு வியர்வையையே குறைப்பது ஒன்று. பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. கடையில் டியோ என்ற பெயரில் நாம் கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி இந்த இரண்டையும் முதன்மையாகச் செய்வதில்லை. அது வாசனையூட்டப்பட்ட பாடி ஸ்ப்ரே. குப்பியில் சிறிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். வியர்வை நாற்றத்தின் மேல் பழ மணத்தைத் தெளித்தால் கிடைப்பது பழ மணமுள்ள வியர்வை நாற்றம். குளியலுக்கும் துவைத்த பனியனுக்கும் பதிலாக எதையும் அடிக்க முடியாது.

வாயுக் குப்பியில் உள்ளவற்றில் ஒரு பகுதி புரோப்பேன், பியூட்டேன் போன்ற உந்து வாயு. அது வெளியே வந்ததும் காற்றோடு போய்விடும். வாயு இல்லாத டியோ என்ற விளம்பரத்தோடு 2011இல் ஃபாக் சந்தைக்கு வந்து பெருவெற்றி பெற்றதற்கு இந்த எளிய உண்மையே முதல். அந்த வகையில் ஓர் அழுத்தத்துக்கு வெளிவருவது முழுவதும் திரவம் என்பதால் குப்பி நீண்ட நாள் வரும். அதே காரணத்தால் வாயு டியோவைப் போல விடாமல் அழுத்தினால் மணம் தாங்காது.

டியோவின் உண்மையான நிறை, அது விரைவில் போய்விடுவது. காலையில் அடித்தது பேருந்து நிலையம் சேர்வதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை குறைவு. கல்லூரி மாணவருக்கும், விளையாடிவிட்டுத் திரும்புகிறவருக்கும், மாலையில் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போகிறவருக்கும் இது போதும். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு வேலை முடிந்து குளித்த பிறகு இதைவிட வேறு எதுவும் தேவையில்லை. ஒட்டுப்பால் நாற்றம் ஏறிய சட்டையில் எந்தச் செண்டையும் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஒன்றாகிவிடும். மறைவான செலவு, குப்பி தீரும் வேகம். அதைக் கீழே கணக்கில் காட்டியிருக்கிறேன். தோல் எரிச்சலும் சிலருக்கு உண்டு, குறிப்பாக சவரம் செய்த இடத்தில்.

டாய்லெட் வகைச் செண்ட்

ஓ டி டாய்லெட் என்பதில் மணப்பொருளின் பங்கு வழக்கமாக 5 முதல் 15 சதவீதம். கொலோனில் 2 முதல் 5. ஓ டி பர்ஃபமில் 15 முதல் 20. இவை சட்டம் வகுத்த அளவுகள் அல்ல, தொழிலின் வழக்கம் மட்டுமே. ஆகவே ஒரு நிறுவனத்தின் டாய்லெட் மற்றொன்றின் பர்ஃபமைவிடப் பலமாக இருப்பதும் நடக்கும்.

கூல் வாட்டரும், 1996இல் வந்த ஆக்வா டி ஜியோவும் இந்த வகையின் பெயர்பெற்ற பிரதிநிதிகள். அவற்றின் தலைமுறையில் வந்த ஆண்களுக்கான செண்டுகள் நீர், இலை, எலுமிச்சை மணங்களை முன்னிறுத்தியவை. வெக்கையில் அவை திகட்டாமல் இருப்பதற்கு அதுவே காரணம். இவை முதல் ஒரு மணி நேரம் ஒரு கை தூரம்வரை வீசும்; பிறகு தோலருகே அடங்கி, நெருங்கி வருபவருக்கு மட்டும் தெரியும். மஸ்கட்காரர் இதைத் தண்ணீர் என்று சொன்னது குறை கூறுவதற்காக. வாடிக்கையாளருக்கு எதிரே உட்காருகிறவனுக்கு அந்தத் தண்ணீர்த்தன்மைதான் வேண்டியது. எட்டரை மணிக்கு அடித்து, பத்து மணிக்கு அலுவலக அறையின் குளிரில் உட்காரும்போது பலம் குறைந்து, துப்புரவான ஒரு மணம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மாலையில் திருமண வரவேற்புக்கு நேரே போவதானால் மீண்டும் அடிக்க வேண்டும். அதற்கு 10 மி.லி. சிறு குப்பி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பெயருள்ள செண்டுகளில் போலிகள் மிகுதி. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அசல் கிடைக்காது என்பதை நினைவில் வைத்தால் பாதி ஏமாற்றம் குறையும். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச விற்பனை விலையும் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாள் இல்லாத பெட்டியை நான் தொடுவதில்லை. என் நண்பர் ஒருவர் ஒரு கடையில் பாதிக்கும் குறைந்த விலையில் வாங்கிய குப்பி, முதல் பத்து நிமிடம் அசலைப் போலவே இருந்தது; அதன் பிறகு அது மண்ணெண்ணெயும் சர்க்கரையுமாக மாறியதை அவருடைய சட்டைப் பை நான்கு முறை துவைத்தும் மறக்கவில்லை.

இந்திய நிறுவனங்களின் செண்டுகள் இப்போது ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே நிறையக் கிடைக்கின்றன. டைட்டன் நிறுவனத்தின் ஸ்கின் 2013இல் வந்தபின் இந்த இடைப்பட்ட விலையில் நம்பி வாங்கும் நிலை ஏற்பட்டது. போலிகளை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு இவை நல்ல மாற்று.

வளைகுடா வழியாக வரும் பர்ஃபம்

நம் மாவட்டத்தில் ஏதேனும் ஒரு வளைகுடா நாட்டுச் செண்ட் குப்பி இல்லாத தெருவைக் காண்பது அரிது. விடுமுறைக்கு வருகிறவர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கும்போது பெட்டியில் மூன்று நான்காவது இருக்கும். அவை மாமனுக்கு, மச்சானுக்கு, பக்கத்து வீட்டாருக்கு என்று பிரிந்துபோகும். ரசாசி, லத்தாஃபா, அர்மாஃப் என்ற பெயர்களை நம் பிள்ளைகள் ஐரோப்பியப் பெயர்களைவிட நன்றாக அறிவார்கள். அஜ்மல் நிறுவனத்தின் வேர் அசாமில் ஹோஜாயில் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். அங்கு விளையும் அகில் மரம் அரபு நாடுகளின் ஊது மணத்துக்கு ஒரு மூலம்.

இந்த வகையின் பலம், கொடுத்த விலைக்குக் கிடைக்கும் அடர்த்தி. விலை கூடிய ஐரோப்பியச் செண்டுகளின் சாயலில் செய்யப்பட்டவையும் இதில் உண்டு. 2010இல் வந்த க்ரீட் அவெண்டஸின் சாயலில் அர்மாஃபின் க்ளப் டி நுய் இன்டென்ஸ் அமைந்திருப்பதை முகர்ந்தவர்கள் அனைவரும் சொல்வார்கள். விலையோ பல மடங்கு குறைவு. ஊது, குங்குமப்பூ, அம்பர், கஸ்தூரி என்று அடிமணங்கள் கனமாக இருப்பதால், காலையில் இரண்டு முறை அடித்தால் இரவு சட்டையைக் கழற்றும்வரை இருக்கும்.

நம் வெக்கையில் சிக்கல் எழுவதும் இதனால்தான். வறண்ட காற்றும், குளிரூட்டிய பெரிய கூடங்களும், திறந்த முற்றங்களும் உள்ள இடத்தின் சுவைக்கு ஏற்ப உருவான மணம், ஈரக்காற்றில் ஷட்டர் இறக்கிய பேருந்தில் வேறொன்றாகிவிடுகிறது. ஒரு இடவப்பாதிக் காலையில் மச்சான் தந்த குப்பியிலிருந்து நான்கு முறை அடித்துக்கொண்டு வடசேரியில் பேருந்து ஏறினேன். தோட்டியோடு தாண்டுவதற்குள் முன்னிருக்கையில் இருந்த பெண்மணி ஷட்டரைத் தூக்கிவிட்டார். சாரல் உள்ளே அடித்தது. நடத்துநர் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "சாரே, மழை ஈரம் வேணுமா மணம் வேணுமான்னு முடிவு பண்ணுங்க" என்றார். பேருந்து முழுவதும் சிரித்தது. தக்கலையில் இறங்க வேண்டிய நான் புலியூர்க்குறிச்சியிலேயே இறங்கிவிட்டேன்.

அதனால் இவை தினமும் அடிக்க உதவாதவை என்று சொல்லமாட்டேன். திறந்த வெளியில் வேலை செய்பவர், மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய் வருபவர், மாலை நேரத்து விசேஷங்களுக்குச் செல்பவர் ஆகியோருக்கு இதுவே சிறந்தது. மார்கழி இரவில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகும்போது ஊதும் அம்பரும் அந்தக் குளிருக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை அனுபவித்தவர் அறிவார். அளவு ஒன்றுதான் நிபந்தனை: ஓரிரண்டு அழுத்தம், அதுவும் சட்டைக்கு உள்ளே நெஞ்சில். மருத்துவமனையில் பணிபுரிவோரும் வகுப்பறையில் நிற்போரும் பகலில் இதைத் தவிர்ப்பதே நல்லது. ஆஸ்துமா உள்ளவருக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் பலமான மணம் நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

அத்தர்

அத்தரில் மதுசாரம் இல்லை. எண்ணெயில் கரைந்த மணம். தொழுகைக்குச் செல்லும்போது மதுசாரம் கலந்ததைத் தவிர்க்க விரும்புவோருக்கு இது இயல்பான தேர்வு. தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இடலாக்குடியிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்றில் வரும் மணம் அதுதான். மதுசாரத்தால் தோல் எரிகிறவர்களுக்கும் இது உதவும், மணப்பொருளே ஒவ்வாதவராக இல்லாதவரை. எண்ணெய் மெல்ல ஆவியாவதால் மணம் பரவுவது குறைவு, நிற்பது அதிகம். நெருக்கம் என்ற என் இரண்டாவது அளவுகோலில் நான்கு வகைகளிலும் அத்தருக்கே முதலிடம்.

ஆனால் பெயரை நம்பி வாங்கக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் பூவை வடித்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் சேர்ப்பது மரபான முறை. கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்தியச் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கும்போது, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "அசல் சந்தன அத்தர்" எதனால் ஆனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திரவப் பாரஃபினிலோ வேறு கரைப்பானிலோ செயற்கை மணத்தைக் கலந்ததே அது. அதை அறிந்து வாங்கினால் தவறு ஒன்றும் இல்லை. நல்ல மணமாகவே இருக்கும்.

மறைவான செலவு துணிதான். ஒரு கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் உருளைக் குப்பியை வெள்ளை வேட்டியின் மடிப்பில் தேய்த்துவிட்டேன். தேங்காய் அளவுக்குப் பரவிய எண்ணெய்க் கறையைத் துண்டால் மறைத்துக்கொண்டு இரண்டு பந்தி நின்றேன். காதின் பின்புறம், மணிக்கட்டு, முழங்கை மடிப்பு ஆகியவை அத்தரின் இடங்கள். துணியில் பட வேண்டும் என்று விரும்பினால், பஞ்சில் தொட்டு உள்பனியனுக்குள் வைக்கலாம்.

ஜவ்வாதையும் சந்தனப் பவுடரையும் கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு வரி: வீட்டில் இருக்கும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் அவை போதும், நிறமுள்ள சட்டையின் கழுத்தில் வெள்ளைப் படிவு தெரியும் என்பதைத் தவிர குறை இல்லை.

செலவுக் கணக்கு

கீழே உள்ளவை நான் கொடுத்த விலைகள். கடைக்குக் கடை மாறும். செண்ட் குப்பியின் ஓர் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.1 மி.லி. வெளிவரும் என்ற கணக்கில் நாள்களைப் போட்டிருக்கிறேன்.

| வகை | விலை | ஒரு நாள் அளவு | வரும் நாள்கள் | ஒரு நாள் செலவு |
|---|---|---|---|---|
| வாயு டியோ, 150 மி.லி. | ரூ. 220 | காலையில் ஒருமுறை, தாராளமாக | ஏறத்தாழ 35 | ரூ. 6.30 |
| டாய்லெட், 125 மி.லி. | ரூ. 2,800 | மூன்று அழுத்தம் | ஏறத்தாழ 415 | ரூ. 6.75 |
| வளைகுடா பர்ஃபம், 100 மி.லி. | ரூ. 2,200 | இரண்டு அழுத்தம் | 500 | ரூ. 4.40 |
| அத்தர், 6 மி.லி. | ரூ. 400 | ஒரு தடவல் | ஏறத்தாழ 150 | ரூ. 2.65 |

மருமகனை வியக்க வைத்தது முதல் இரண்டு வரிகள்தான். மாதந்தோறும் ஒரு டியோ வாங்குகிறவர், தான் சிக்கனமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, டாய்லெட் செண்டுக்கு ஆகும் ஏறத்தாழ அதே தொகையைத் தவணை முறையில் செலவழிக்கிறார். ஒரே நேரத்தில் 2,800 ரூபாய் எடுத்து வைக்க முடியாதவருக்கு அந்தத் தவணையே வசதி என்பதும் உண்மை. இன்னொன்று, 415 நாள்கள் என்பது குப்பியை ஒழுங்காக வைத்திருந்தால் மட்டுமே. குளியலறை ஜன்னலில் வெயில் படும்படி வைத்த குப்பியும், மோட்டார் சைக்கிள் பெட்டியில் சூட்டில் கிடந்த குப்பியும் ஓர் ஆண்டுக்குள் புளித்த மணத்துக்கு வந்துவிடும். காற்றுப் பட்டுப் பழசான செண்டில் லினலூல், லிமோனீன் போன்ற பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து, தோல் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. அட்டைப் பெட்டியோடு அலமாரியின் உள்தட்டில் வைத்தால் போதும். வெளிநாட்டுப் பயணத்தில் பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட குப்பியை அனுமதிக்கமாட்டார்கள் என்பதால், பயணம் மிகுந்தவர் 125 மி.லி. வாங்குவதைவிடச் சிறியதை வாங்கலாம்.

மருமகன் எதை வாங்கினான்

நான் எதையும் வாங்கச் சொல்லவில்லை. மூன்று சிறு குப்பிகளில் மூன்று செண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு வேலைநாள் வீதம் அடித்துப் பார்க்கச் சொன்னேன். குளித்து, தோல் நன்றாக உலர்ந்த பிறகு, சட்டை போடுவதற்கு முன் நெஞ்சில் இரண்டு அழுத்தம். பகலில் மீண்டும் அடிக்கக் கூடாது. மணம் இருக்கிறதா என்று தானே முகர்ந்து முடிவுசெய்யக் கூடாது, பக்கத்து மேசைக்காரரிடம் மாலையில் கேட்க வேண்டும். இவையே நிபந்தனைகள். முதல் இரண்டு நாள் அவன் அப்பாவின் வளைகுடாச் செண்ட். பக்கத்து மேசையில் இருந்த அண்ணன், அலுவலகத்தில் யாருக்கேனும் பிறந்தநாளா என்று கேட்டார். அடுத்த இரண்டு நாள் என் கூல் வாட்டர். மாலையில் இவனாகக் கேட்டபோது, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தாயா என்று திருப்பிக் கேட்டார். கடைசி இரண்டு நாள் எண்ணூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு இந்தியச் செண்ட். அதற்கும் ஏறத்தாழ அதே பதில்தான் வந்தது.

எண்ணூறு ரூபாய்க்குட்பட்டதை வாங்கினான். மிச்சப் பணத்தில் தோல் செருப்பு கொஞ்சம் நல்லதாகவே கிடைத்தது. அவன் அப்பா விட்டுப்போன குப்பி மாசி மாதத்தில் வரும் அவன் அக்கா கல்யாணத்துக்காக அலமாரியில் இருக்கிறது. நான் என் குப்பியை மாற்றவில்லை. காரில் மனைவியோடு போகும் நாள்களில் மட்டும் அடிப்பதில்லை.